சேர்மன் வீட்டுச் சாப்பாட்டுக் காசு

கானா நாட்டுக் குமாசியில் சனிக்கிழமை என்றால் இழவு. இறந்தவர் எந்தக் கிழமையில் இறந்திருந்தாலும் சரி, சனிக்கிழமைதான் ஊர் கூடிக் கறுப்பும் சிவப்புமாக உடுத்தி வழியனுப்பும். அதனால்தான் உடல் பருமன் விழிப்புணர்வு நடையை விடிந்தும் விடியாததுமாக வைத்திருந்தார்கள். பெரிய மனிதர்கள் நடந்து முடித்துவிட்டு இழவுக்குப் போக வேண்டும். நடக்காமலே இழவுக்குப் போக விரும்பும் பெரிய மனிதர்களுக்காக மைதானத்தில் பந்தலும் போட்டிருந்தார்கள்.

நலவாழ்வு நண்பர்கள் சங்கத்தின் நடை அது. வசூலில் நர்ஸ் சார்ப்போமா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு ஒரு பெரிய எடைப் பொறி வாங்குவதாக ஏற்பாடு. ஏன் பெரிய பொறி என்றால், அதற்கு ஒரு காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் சார்ப்போமா தன் தாய் பிராகோவை ஆஸ்பத்திரிப் பொறியில் ஏற்ற, முள் கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றுகொண்டது. கோக்கோ மூட்டை நிறுக்கும் கிடங்குக்கு அழைத்துப்போய்த்தான் அம்மாவின் எடையை அறிய முடிந்தது.

டாக்டர் சர்க்கரை வியாதி என்றார். இடித்த கிழங்கு உருண்டையை, அதாவது ஃபூஃபூவை, மறக்கச் சொன்னார். நடக்கச் சொன்னார். பிராகோ சொன்னபடி கேட்டாள். மாதங்கள் போகப் போக இளைத்தாள்.

இளைத்ததில்தான் வந்தது வினை.

பிராகோ சந்தையில் துணி விற்கிறவள். அவள் இடுப்பில் சுற்றிக் காட்டினால் எந்தத் துணியும் விலை போகும். அவ்வளவு விஸ்தாரமான காட்சிப் பலகை வேறு கடைக்காரிக்கு வாய்க்கவில்லை. துணிச் சந்தையின் தலைவி போன மாதம் கண்ணை மூடிவிட்டாள். அந்த ஆசனத்துக்கு அடுத்து யார் என்று பெண்கள் கூடித் தீர்மானிக்கப்போவது வரும் செவ்வாய்க்கிழமை. முதல் பேச்சில் வந்த பெயர் பிராகோ. உடம்பு சரியில்லாதவளை யாரும் அந்த ஆசனத்தில் உட்கார வைக்க மாட்டார்கள். ஆகவே வியாதி வீட்டுக்குள் மூன்று பேரோடு நின்றது. வெளியே போகும்போது பழைய துணிகளை உள்ளே சுற்றிக்கொண்டு, பிராகோ பழைய பிராகோவாகவே நடமாடினாள்.

அந்த மூன்று பேரில் ஒருவர் அவள் கணவர் மிஸ்டர் டார்க்வா. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பதவிதான் ஓய்வு பெற்றதே ஒழிய மேலாளர் ஓய்வு பெறவில்லை. அவருக்கு மனைவியின் சர்க்கரை ஒரு கவலை, மனைவியின் இடுப்பு இன்னொரு கவலை. இந்த ஊரில் ஒருவன் வீட்டுக்குச் சரியாகச் சாப்பாட்டுக் காசு தருகிறானா என்று யாரும் அவனைக் கேட்பதில்லை. அவன் பெண்டாட்டியைப் பார்ப்பார்கள். அவள் ஒரு சுற்று குறைந்தால் அவன் மரியாதை இரண்டு சுற்று குறையும்.

சனிக்கிழமை காலை நடைச் சங்கத்தின் மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டு பிராகோ வந்து நின்றதும் அவர் டை கட்டுவதை நிறுத்திவிட்டார்.

"இந்தப் பனியனுக்குள்ள எதையும் சுத்த முடியாதே. ஊர் என்ன சொல்லும்?"

"ஊருக்கு இன்னிக்கு நீங்கதானே சொல்லப் போறீங்க, எல்லாரும் இளைக்கணும்னு."

"அது ஊருக்கு. என் பெண்டாட்டிக்கு இல்ல."

துணிச் சந்தைப் பெண்கள் அத்தனை பேரும் நடக்கும்போது, தலைவியாக வேண்டியவள் மட்டும் வீட்டில் இருந்தால் அதுவே ஒரு சேதியாகிவிடும் என்றாள் பிராகோ. கடைசியில் இடுப்பைச் சுற்றி மட்டும் கனமாக ஒரு துணியைக் கட்டிக்கொள்வது என்று உடன்பாடு ஏற்பட்டது.

மிஸ்டர் டார்க்வா நடக்கவில்லை. அவர் அன்றைய நிகழ்ச்சியின் சேர்மன். எங்கள் ஊரில் சேர்மன் இல்லாமல் ஒரு பெயர் சூட்டலோ, கிணறு திறப்போ நடக்காது. சேர்மன் முதலில் நாற்காலியை ஏற்றுக்கொண்டு பேசுவார். பிறகு நாற்காலியில் இருந்தபடி பேசுவார். முடிவில் நாற்காலியை விட்டு எழும் முன் பேசுவார். இடையில் நடப்பதற்கு நேரம் எங்கே?

அடும் கடைத்தெருவிலிருந்து நடை புறப்பட்டது. முன்னால் ஒரு லாரியில் பேண்டு வாத்தியம். அதன் பின்னால், நடைக்கு உதவி செய்த குளிர்பானக் கம்பெனியின் வண்டி. சர்க்கரைக்கு எதிராக நடப்பவர்கள் களைத்துப்போனால் ஆளுக்கொரு பாட்டில் இனிப்புத் தண்ணீர் தருவதற்காக. அதற்கும் பின்னால் மஞ்சள் பனியன்களின் வெள்ளம். சந்தைப் பெண்கள் பாட்டு கட்டிப் பாடினார்கள். பாட்டின் பாதி யாருடைய பின்புறத்தைப் பற்றியது என்பதை அச்சில் போட முடியாது.

பிராகோ முதலில் மூச்சு வாங்கினாள். முழங்கால் முனகியது. இடுப்புத் துணி வியர்வையில் ஊறிக் கனத்து, ஒரு குழந்தையைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது. பக்கத்தில் வந்த மகளிடம், இதைக் கட்டிக்கொண்டு மைதானம் வரை போக முடியாது என்றாள்.

"அப்பா என்னம்மா சொல்வாரு?"

"அவரு உக்காந்திருக்காரு. நடக்கிறவ நான்."

வட்டச் சாலை திரும்பும் இடத்தில் அந்தத் துணியை அவிழ்த்து மகளிடம் கொடுத்துவிட்டாள். அதன் பிறகுதான் அந்த அதிசயம் நடந்தது. கால் லேசானது. வருஷக்கணக்காகத் தனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் தனக்குப் பின்னால் போனார்கள். பிராகோவுக்குச் சிரிப்பு வந்தது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே அந்தச் சிரிப்போடு மைதானத்து வாசலை நோக்கி நடந்தாள்.

மைதானத்தில் சேர்மன் ஏற்கெனவே நாற்காலியை ஏற்றுக்கொண்டிருந்தார். "தாழ்மையோடும் நன்றியோடும் ஏற்கிறேன்" என்று மைக்கில் சொல்லிவிட்டு, கொழுப்பு என்பது தேசத்தின் எதிரி என்று நெடுநேரம் விளக்கினார். கோட்டுப் பொத்தான் இரண்டு அவர் பேச்சோடு கருத்து வேறுபட்டு விலகி நின்றன. அவர் தலைக்கு மேல் பதாகை: 'குறைவாக உண்போம், நிறைவாக வாழ்வோம்.' அதன் கீழே மேஜை நிறைய இறைச்சி வடைகள்.

அப்போதுதான் வாசல் வழியாக ஒரு கூட்டம் கறுப்புத் துணியில் வந்தது. முன்னால் பிராகோவின் அண்ணன் என்சியா. அவர் மனைவி தச்சிவா. குடும்பத்துப் பெரியவர்கள் சிலர். அவர்களோடு குடும்பத்தின் பேச்சாளர். பெரிய விஷயங்களை எங்கள் குடும்பங்களில் யாரும் நேராகப் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைப் பேச்சாளர் காதில் சொல்வார்கள். அவர் அதற்கு நகை பூட்டிச் சபையில் வைப்பார்.

மிஸ்டர் டார்க்வாவின் முகம் மலர்ந்தது. மச்சான் தன் பெருமையைக் காண இழவுக்குப் போகும் வழியில் குடும்பத்தோடு வந்திருக்கிறார் என்று நினைத்தார். பந்தலில் முதல் வரிசையைக் காலி செய்ய வைத்தார். மந்திரி வந்தால் தருவதற்காக வைத்திருந்த கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் தரச் சொன்னார். எல்லாரும் குடித்து முடித்தார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கையில் மைக் இருந்தது, எதிரில் கூட்டம் இருந்தது. முறைப்படி நடப்பவர் என்பதை ஊர் பார்க்கட்டும் என்று எழுந்து நின்று, ஒலிபெருக்கி அதிர, விருந்தாளிகளைக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார்:

"இங்கே எல்லாரும் சுகம். நீங்க வந்த சேதி என்ன?"

தண்ணீர் கொடுத்து வந்த சேதியைக் கேட்டுவிட்டால், வந்தவர்கள் சொல்லியே தீர வேண்டும். கேட்டவர் முழுக்கக் கேட்டே தீர வேண்டும். நடுவில் நிறுத்துவது பெரிய அவமதிப்பு. என்சியா தயங்கியதைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்: நிகழ்ச்சி முடிந்தபின் ஓரமாக அழைத்துப் பேசலாம் என்றுதான் அவர் வந்தாராம். இப்போது வேறு வழியில்லை. பேச்சாளரின் காதில் ஏதோ சொன்னார். பேச்சாளர் தள்ளாடி எழுந்து, மைக்கை வாங்கிக்கொண்டார். வயது ஆக ஆக அவருக்குக் கால் தளர்ந்திருந்தது, குரல் தளரவில்லை.

"சேர்மன் ஐயா கேட்டாரு, நாங்க சொல்றோம். எங்க பொண்ணை இவரு கையில குடுத்தப்போ அவ நடந்தா தரை தெரிஞ்சு வழி விடும். போன வாரம் ஒரு சாவுல அண்ணன்காரரு தங்கச்சி கையைப் புடிச்சாரு. வளையல் கழண்டு அவரு கையோட வந்திடுச்சு. பொண்ணோட அப்பா செத்துட்டாரு, அம்மா செத்துட்டாங்க. ஆனா கேக்குறதுக்கு ஆள் இல்லாம போயிடல. சாப்பாட்டுக் காசு எங்கே போகுது? வேற எந்த வீட்டு அடுப்பு எரியுது? அதைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தோம்."

இறைச்சி வடையை வாய்க்குக் கொண்டுபோன கைகள் வழியிலேயே நின்றன.

அந்த நேரம் பார்த்துத்தான் பிராகோ வந்து சேர்ந்தாள். வியர்வையில் பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது. இடுப்பில் துணி இல்லை. இத்தனை மாதமும் ஒளித்துவைத்த இளைப்பு முழுவதும், சந்தைப் பெண்கள் அத்தனை பேருக்கும் நடுவில், காலை வெயிலில் நின்றது. கூட்டம் அவளைப் பார்த்தது. பிறகு சேர்மனைப் பார்த்தது. பேச்சாளர் சொன்னதற்கு இனி சாட்சி தேவையில்லை.

மிஸ்டர் டார்க்வாவிடம் பதில் இருந்தது. சர்க்கரை என்ற ஒரே வார்த்தை போதும். டாக்டர் இருக்கிறார், மகள் இருக்கிறாள். அதைச் சொன்னால் அவர் மானம் அந்த நிமிஷமே திரும்பிவிடும். பிராகோவின் ஆசனம் அதே நிமிஷத்தில் போய்விடும். அவர் மனைவியைப் பார்த்தார். பிராகோ தலையை ஆட்டவில்லை, கையைக் காட்டவில்லை. நடந்து வந்த மூச்சில் அவள் தோள் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

வாழ்நாளில் தன் மேல் ஒரு தூசு விழ விடாத அந்த மனிதர், மைக்கை மறுபடி வாங்கினார்.

"குத்தம் என்னுதுதான். சாப்பாட்டுக் காசை நான்தான் குறைச்சேன். சொல்லிக்கிற மாதிரி காரணம் எதுவும் இல்ல. கஞ்சத்தனம்தான்."

கொஞ்சம் நிறுத்தி, பழக்க தோஷத்தில், "தாழ்மையோடு ஏற்கிறேன்" என்று முடித்தார்.

'குறைவாக உண்போம்' என்ற பதாகையின் கீழ் காலையிலிருந்து கைதட்டிக்கொண்டிருந்த ஊர், ஒருவர் மனைவி குறைவாக உண்டாள் என்று கேட்டதும் பதறிப்போயிற்று. சந்தைப் பெண்களில் ஒருத்தி, பார்த்தால் எவ்வளவு பெரிய மனிதர் என்று உரக்கவே சொன்னாள். சங்கத்துச் செயலாளர் சேர்மன் பக்கத்திலிருந்த தன் நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

முறை என்ன என்பதைப் பேச்சாளர் அறிவித்தார். கணவர் மதுப் புட்டியோடு வந்து மன்னிப்புக் கேட்டுக் குடும்பம் ஏற்கும்வரை பெண் அண்ணன் வீட்டில் இருப்பாள். அவள் தேறும்வரை அண்ணன் வீட்டில் சாப்பிடுவாள்.

பிராகோ வாயைத் திறந்தாள். கணவர் அவளைப் பார்த்து ஒரே ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். அவர்கள் கல்யாணமான புதிதில், மாமியார் முன்னால் எதையும் பேச முடியாதபோது அவர் செய்வது அது. அப்போது அதற்கு அர்த்தம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது. அவள் பேசாமல் அண்ணன் காரில் ஏறினாள்.

பந்தாமாவில் அண்ணன் வீட்டுக்குள் நுழையும்போதே உலக்கைச் சத்தம் கேட்டது. தச்சிவா வழியிலிருந்தே போன் பண்ணி மரவள்ளியும் வாழைக்காயும் இடிக்கச் சொல்லியிருந்தாள். தச்சிவாவும் துணிக்காரிதான், பிராகோவின் கடைக்கு எதிர் வரிசை. செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் அவளுக்கும் ஒரு குரல் உண்டு. அதை யாருக்குக் கொடுப்பாள் என்று நாத்தனாரிடம் அவள் இதுவரை சொன்னதில்லை.

மதியம் சட்டி வந்தது. செம்பனைக் குழம்புக்கு நடுவே ஃபூஃபூ ஒரு குன்றுபோல உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் ஆட்டுக்கறி. அண்ணன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தங்கை சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் அவர் மனம் ஆறும்.

"சாப்பிடும்மா. உன் வீட்டுல கிடைக்காததெல்லாம் இங்க இருக்கு."

பிராகோ கை கழுவினாள். குன்றைப் பார்த்தாள். அதன் ஓரத்தைக் கிள்ளும்போதே டாக்டரின் முகம் குழம்பில் தெரிந்தது. சாப்பிடாவிட்டால் ஏன் என்பார்கள். சாப்பிட்டால் இத்தனை மாதப் பாடும் போச்சு. கையைக் குழம்பில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தினாள்.

வாசலில் யாரோ இருமினார்கள்.

மிஸ்டர் டார்க்வா நின்றுகொண்டிருந்தார். கோட்டு தோளில். டை சட்டைப் பையில். பளபளவென்று இருந்த காலணி பந்தாமாப் புழுதியில் செம்மண் நிறமாகியிருந்தது. கையில் மதுப் புட்டி. சங்கத்து வண்டி ஓட்டுநருக்குத் திடீரென்று பெட்ரோல் இல்லாமல் போய்விட்டது. துணைக்கு வந்து பரிந்து பேச வேண்டிய பெரிய மனிதர்களுக்கெல்லாம் திடீரென்று இழவு நினைவுக்கு வந்துவிட்டது. ஆகவே சேர்மன், அன்றைய நடையைத் தனியாக நடந்து முடித்திருந்தார்.

இரண்டு நாளாவது போக வேண்டும், இப்படி அன்றைக்கே வருவது முறையில்லை என்றார் என்சியா. முறை தெரியும் என்றார் இவர். தண்ணீர் கொடுத்தார்கள். ஆனால் இந்தத் தடவை வந்த சேதியை யாரும் கேட்கவில்லை. அவர் கை கழுவிக்கொண்டு மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சட்டியில் கை வைத்தார்.

"மாப்ளே, அது அவளுக்கு வச்சது."

"ஒரே சட்டியில சாப்பிட்டா கோவம் தீரும்பாங்க மச்சான்."

அவர் எடுத்த உருண்டைகளின் அளவைப் பார்த்தால் கோபம் அன்று மாலைக்குள் தீர்ந்துவிடும் போலிருந்தது. பிராகோவின் பக்கத்திலிருந்து ஒரு கவளம், தன் பக்கத்திலிருந்து ஒரு கவளம். மெல்லாமல் விழுங்கினார். அவளுடைய விரல்கள் குழம்பில் சும்மா அலைந்துகொண்டிருக்க, குன்று அவள் பக்கம்தான் முதலில் சரிந்தது. என்சியாவுக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனாலும் சட்டி குறைவதைப் பார்த்து முகம் கொஞ்சம் தெளிந்தது.

பாதிச் சட்டியில் மிஸ்டர் டார்க்வாவுக்கு மூச்சு முட்டியது. நெற்றியில் வியர்வை. கொழுப்பு தேசத்தின் எதிரி என்று காலையில் முழங்கிய வாய்க்கு இப்போது திறக்கவே தெம்பில்லை. அப்படியும் கை அடுத்த உருண்டைக்குப் போனது.

பிராகோ அந்தக் கையைப் பிடித்தாள்.

"போதும்ங்க."

"இன்னும் கொஞ்சம்தான்."

"போதும்னு சொல்றேன்ல. என் வியாதிக்கு நீங்க எத்தனை சட்டி சாப்பிடுவீங்க?"

அந்த வார்த்தை கூடத்தில் விழுந்தது. அவர் கண்ணை மூடித் திறந்தார். அவள் பார்க்கவே இல்லை. அண்ணனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அண்ணே, எனக்குச் சர்க்கரை. டாக்டர்தான் குறைக்கச் சொன்னாரு. இவரு காசு ஒரு நாளும் குறைச்சதில்ல. எனக்காகத்தான் ஊர் முன்னால அப்படிச் சொன்னாரு. செவ்வாய்க்கிழமை முடியட்டும்னு. அந்த ஆசனம் போனாப் போகட்டும். இவரு கஞ்சன்னு பேர் எடுத்து நான் அதுல உக்கார மாட்டேன்."

என்சியா, மாப்பிள்ளை கொண்டுவந்த புட்டியை எடுத்து, திறக்காமல், மறுபடி அதே இடத்தில் வைத்தார். "என்னை மன்னிக்கச் சொல்லி நான்தான் இப்ப புட்டி வாங்கணும்" என்று மட்டும் சொன்னார். மிஸ்டர் டார்க்வா பதில் சொல்ல முயன்றார். ஏப்பம்தான் வந்தது. பிராகோ அழுதுகொண்டே சிரித்தாள். தன் பனியன் ஓரத்தால் அவர் நெற்றியைத் துடைத்தாள். மச்சான் பார்க்க அவர் அதற்குச் சம்மதித்தது அந்த நாளின் இன்னொரு அதிசயம்.

அப்போதுதான் அடுக்களை வாசலில் தச்சிவா நிற்பதைப் பார்த்தார்கள். கையில் இன்னொரு தட்டுக் கறி. எப்போது வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அண்ணன் வாயை மூடிக்கொள்வார். அது பிராகோவுக்குத் தெரியும். எதிர் வரிசைத் துணிக்காரி மூடிக்கொள்வாளா? திங்கட்கிழமை காலை இவள் கடையைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால், மதியத்துக்குள் சந்தையின் கடைசிக் கூரை வரை போய்விடும்.

தச்சிவா தட்டைக் கீழே வைத்தாள். பாதிச் சட்டி ஃபூஃபூவை எடுத்து ஓரமாக நகர்த்தினாள். கணவரைப் பார்த்து, மாப்பிள்ளையைக் கொல்லைப் பக்கம் காற்றாடக் கூட்டிப்போகச் சொன்னாள். ஆண்கள் இருவரும் போனதும் கதவைச் சாத்தினாள். வந்து நாத்தனாரின் முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

"எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டாள்.

பிராகோ சாத்திய கதவைப் பார்த்தாள்.

"சொல்லு பிராகோ. ஆரம்பத்துல என்ன பண்ணுச்சு உடம்பை? உனக்கும் ராத்திரியில தாகம் எடுக்குமா?"